மண்ணில் அகப்பட்ட மூடி எதனுடையது? அறிகுறி பார்த்து அடையாளம் காணும் முறை

மூடி கிடைக்கும், போத்தல் கிடைக்காது. பழைய முகாம் இருந்த வளவைத் துப்புரவாக்கிய எல்லோருக்கும் இது தெரியும். போத்தல் உடைந்துபோயிருக்கும். தகரப் பேணியைக் கறள் தின்றிருக்கும். மடித்த விளிம்பு இருப்பதால் மூடி மட்டும் தப்பிக் கிடக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒல்லாந்தர் காலமா, வெள்ளைக்காரன் காலமா, இல்லை நேற்றைய ஆமிக் காலமா என்று மண்டையைப் போட்டு உடைப்போம்.

எங்கள் வளவு வலிகாமம் வடக்கில், பலாலிப் பக்கம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை ஓடுபாதை போட்ட இடம் அது. 1990-இல் விட்டுவிட்டு ஓடியவர்கள், ஆமி பிடித்திருந்த காணி விடுபட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தோம். வீடு இல்லை, கிணறு முழுக்கக் குப்பை. கிணற்றை இறைத்தபோது ஒரு வாளி மூடி வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

இத்தனை நாளில் நான் கற்றது இவ்வளவுதான்: எழுத்தைத் தேடாதீர்கள், விளிம்பைப் பாருங்கள். அந்த மூடி எப்படி மூடியது, எப்படித் திறக்கப்பட்டது என்பது விளிம்பிலும் அடிப்பக்கத்திலும் இருக்கும். எழுத்து அழியும், விளிம்பு அழியாது.

தொடும் முன்: அது மூடியே இல்லாமல் இருக்கலாம்

உள்ளங்கை அளவு வட்டம், பச்சை அல்லது பழுப்பு பிளாஸ்டிக், மேலே ரப்பர் போன்ற மெத்தை, பாதி மண்ணுக்குள். இது மூடி இல்லை, மிதிவெடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறிய மரப்பெட்டியின் மேற்பலகை சற்றுத் தூக்கியபடி தெரிந்தாலும் அதே கதைதான். ஜொனி என்று எங்கள் சனம் சொல்வது மரப்பெட்டி மிதிவெடியைத்தான்.

இன்னொன்று பலரை ஏமாற்றும். கனமான பித்தளை, கூம்பு வடிவம், கீழே மரை, சுற்றிவர எண்கள் பொறித்த வளையம். பார்ப்பதற்கு அழகான திருகு மூடி மாதிரி இருக்கும். அது பீரங்கிச் செல்லின் மூக்கில் பூட்டி அதை வெடிக்கவைக்கிற கருவி. கழற்றிப் பார்க்கிற ஆசையே வரக்கூடாது.

இப்படி எதையாவது கண்டால் வந்த அடியிலேயே பின்னால் போங்கள். கல் எறியாதீர்கள், மண்வெட்டியால் தட்டாதீர்கள், படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள். தூரத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட்டு பொலிசின் 119-க்கு அழையுங்கள், கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றிய காணிதானே என்ற துணிவும் வேண்டாம். மாரி மழை ஒன்று பெய்தால் மண் புதிது புதிதாகக் கக்கும்.

மூடி தேடுவதற்கென்று யாரும் கிடங்கு வெட்டவும் வேண்டாம். நான் சொல்வதெல்லாம் கிணறு இறைக்கும்போது, தென்னம்பிள்ளை வைக்கும்போது, மலசலகூடக் குழி வெட்டும்போது தானாக வந்து அகப்படுகிறவற்றைப் பற்றி.

"ஆழத்தில் கிடந்தது, அப்ப பழசாத்தான் இருக்கும்"

இந்தப் பிழையை நானே விட்டேன். நாலடி ஆழத்தில், நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டுகளுக்குக் கீழே, வட்டமான தகரம் ஒன்று. ஒல்லாந்தர் கால மருந்துப் பேணி என்று உறவுக்காரர் எல்லோருக்கும் படம் அனுப்பிவிட்டேன். பெரியப்பா வந்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இது உன்ர கொண்ணன் குடிச்ச பால்மாப் பேணியின்ர மூடியடா" என்றார்.

மற்ற ஊரில் மேலே கிடப்பது புதியது, கீழே கிடப்பது பழையது. யாழ்ப்பாணத்தில் அந்தக் கணக்குச் சரிவராது. பங்கர் வெட்டினால் அடிமண் மேலே வரும். பங்கரை மூடினால் மேல்மண் அடிக்குப் போகும். அதோடு மண்மூட்டை வேறு. ஓரிடத்தில் அள்ளிய மண்ணை மூட்டையாகக் கட்டி இன்னொரு இடத்தில் அடுக்குவார்கள். சாக்கு உக்கினால் அந்த மண் அங்கேயே கொட்டுண்டு போகும். மூன்று வளவுக்கு அப்பால் கிடந்த சோடா மூடி உங்கள் வேலியடியில் முளைப்பது அப்படித்தான். ஆகவே ஆழத்தைக் குறித்து வையுங்கள், ஆனால் அதை வைத்துக் காலம் சொல்லாதீர்கள்.

காந்தம் ஒட்டுகிறது

அப்படியானால் அது தகரம், அதாவது வெள்ளீயம் பூசிய இரும்பு. கிடைப்பதில் பெரும்பங்கு இதுதான். பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்று போதும். விளிம்பில் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். கறள் முற்றியிருந்தால் நடுவில் சரியாகப் பிடிக்காது.

நடுப்பகுதி குழிந்து, விளிம்பு மேலே சுருண்டிருந்தால் அது கரண்டிக் காம்பால் நெம்பித் திறக்கிற மூடி. பால்மா, பெயின்ற், கோப்பித்தூள் எல்லாம் இப்படி வந்தன. நெம்பிய தடம் சுற்றிவர இருந்தால் தினமும் திறந்து மூடிய சமையலறைப் பேணி. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் ஆழமாக வளைந்திருந்தால் பெயின்ற் பேணியாக இருக்கலாம். அடிப்பக்க மடிப்பில் நிறம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கையகல உருளை மூடி, உள்ளே விளிம்பருகில் முள் போல ஒரு சின்னக் கத்தி. இது எனக்குப் பிடித்தமான சாமான். 50 சிகரெட் அடைத்த உருளைப் பேணியின் மூடி. காற்றுப் புகாமல் மெல்லிய தகட்டால் அடைத்து வரும். மூடியை அழுத்திச் சுழற்றினால் அந்த முள் தகட்டை வட்டமாக வெட்டும். வெப்பநாட்டில் சிகரெட் நமத்துப் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. உலகப் போர்க் காலத்துப் படையினர் கையில் இருந்தது இது. பேணி பிறகு வீடுகளில் அரிசி அளக்கப் போய்விட்டது, அதனால்தான் மண்ணில் மூடி மட்டும்.

தட்டையான வட்ட மூடி, ஆழம் குறைவு, மேலே படம் அச்சிட்ட தடம்: சப்பாத்து மைப் பேணி. கிவி, செரி புளொசம் என்ற மைப் பெயர் தெரிந்தால், இரண்டும் 1906-இல் வந்தவை, ஆகவே அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் சப்பாத்து மினுக்காத படை எந்தக் காலத்திலும் இல்லை. அடுத்தடுத்து வந்த எல்லா முகாமிலும் இது கிடக்கும்.

சதுர அல்லது நீள்சதுரத் தகடு, ஓரம் வார் வாராகக் கிழிந்ததுபோல் நேராக இருந்தால், சாவியைச் சுற்றித் திறக்கிற இறைச்சிப் பேணி. சாய்ந்த பக்கங்கள் கொண்ட அந்தப் பேணி 1875-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. இரண்டு உலகப் போரிலும் பிரித்தானியப் படைக்குச் சோறு போட்டது. கத்தியால் குத்தித் திறந்ததுபோல் ஓரம் பல்லுப்பல்லாக இருந்தால் சாதாரண ரின்மீன் பேணியாக இருக்கும்.

தகட்டின் நடுவில் ஒரு துளி ஈயப் பற்று இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பேணிகளை மேலே வட்ட ஓட்டை விட்டு, அதன் வழியே உணவைத் திணித்து, ஒரு சிறு தட்டை வைத்து ஈயத்தால் ஒட்டி, கடைசியில் நடுத்துளையை ஒரு துளியால் அடைப்பார்கள். 1904-க்குப் பிறகு விளிம்பை இரட்டையாக மடித்து இறுக்குகிற முறை பரவியது. இதைப் படித்துவிட்டு ஈயத்துளி கண்ட எல்லாவற்றையும் பழசு என்று சொல்ல வேண்டாம். ரின்பால் பேணிகளில் அந்தத் துளி மிகப் பின்னாலும் தொடர்ந்தது. வேறுபாடு இதுதான்: ஈயத்துளியைச் சுற்றி இன்னொரு பெரிய ஈய வட்டம் இருந்தால் பழைய முறை, வெறும் துளி மட்டும் என்றால் பால்பேணி. அதோடு எதிரெதிராக இரண்டு குத்து ஓட்டை இருக்கும், ஒன்று பால் ஊற்ற, ஒன்று காற்றுப் போக.

சோடா மூடிக்குப் பல் எண்ணுங்கள். வில்லியம் பெயின்ரர் 1892-இல் காப்புரிமை பெற்றபோது 24 பல். இப்போது உள்ளது 21. உள்ளே தக்கைத் துணுக்கு இருந்தால் ஏறத்தாழ 1960-களுக்கு முந்தியது. பிளாஸ்டிக் என்றால் பிந்தியது. யானைச் சின்னம் தெரிந்தால் யானைச் சோடா, அதை வைத்து முகாமைக் கண்டுபிடிக்க முடியாது. அது ஊர் முழுக்கக் குடித்தது.

காந்தம் ஒட்டவில்லை

நிறத்தைப் பாருங்கள்.

பச்சைக் களிம்பு என்றால் பித்தளை அல்லது செம்பு. மூன்று விரலால் பிடித்துத் திருகும் அளவு, தடிப்பான மரை, மேலே நிறுவனப் பெயர் புடைப்பாக: இரண்டு கலன் பெற்றோல் கானின் மூடி. ஷெல், பிராற்ஸ் என்ற பெயர்கள் இதில் அடிக்கடி வரும். ஷெல்-மெக்ஸ், பி.பி. என்ற இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தால் 1932-க்குப் பிந்தியது, அந்த ஆண்டில்தான் இரண்டும் கூட்டுச் சேர்ந்தன. ஜெரிக்கானின் மூடிக்கு மரை கிடையாது. நெம்புகோல் போல அமர்த்தி மூடுவது, ஒரு பக்கம் முறிந்த பிணைச்சல் இருக்கும். அது ஜெர்மன்காரர் 1930-களில் செய்த வடிவம், பிரித்தானியர் போரின் நடுவில்தான் பார்த்துச் செய்தார்கள்.

அதைவிடச் சின்னதாக, நுணுக்கமான மரையோடு, ஓரத்தில் விரல் வழுக்காமல் கீறல் போட்டிருந்தால் பிறைமஸ் அடுப்பு அல்லது பெற்றோமாக்ஸ் விளக்கின் எண்ணெய் வாய் மூடி. படை முகாமிலும் இருந்தது, கலியாண வீட்டிலும் இருந்தது. "குண்டின் மூடி" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டியவற்றில் பாதி பெற்றோமாக்ஸ்தான்.

மரையே இல்லாமல், பிணைச்சல் துண்டோடு, சிறிய கூம்பு அல்லது முட்டை வடிவப் பித்தளை என்றால் முதலில் உங்கள் பாட்டியின் வெற்றிலைத் தட்டத்தை நினையுங்கள். சுண்ணாம்புக் கரண்டகம். உட்பக்கம் வெள்ளைப் படிவு இருந்தால் சந்தேகமே இல்லை. நீள்வட்ட அல்லது நீள்சதுரப் பித்தளை மூடியில் கப்பலோ, வேதாகமக் காட்சியோ, ஒல்லாந்த வரிகளோ செதுக்கியிருந்தால் அது வேறு கதை. 18-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் சட்டைப்பையில் வைத்த புகையிலைப் பெட்டி. கழுவாதீர்கள், கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

மெல்லிய செப்பு வட்டத்தில் வி.ஓ.சி. எழுத்துக்கள் பின்னியிருந்தால் அது மூடி இல்லை, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் காசு. அவர்களுடைய அந்தக் காசின் பெயரிலிருந்துதான் நம்முடைய "துட்டு" வந்தது. தூத்துக்குடி நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, வ.உ.சிதம்பரனாரின் கப்பல் கம்பனி காசா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அந்தக் கப்பல் கொழும்புக்குத்தானே ஓடியது.

வெள்ளைத் தூள் படிந்திருந்தால் எடையைப் பாருங்கள். பாரம் என்றால் நாகம் (துத்தநாகம்), இலேசு என்றால் அலுமினியம். நாக மூடிக்குள் பால் நிறக் கண்ணாடித் தட்டு பொருத்தியிருந்தால் ஊறுகாய், பழப்பாகு அடைக்கிற திருகு சாடியின் மூடி. ஜோன் லாண்டிஸ் மேசன் 1858-இல் அந்தச் சாடிக்குக் காப்புரிமை பெற்றார். நாகம் உணவில் படாமலிருக்கக் கண்ணாடித் தட்டு சேர்ந்தது 1869-இல். அலுமினியத்தில் கீழ்விளிம்பு புள்ளிபுள்ளியாகக் கிழிந்திருந்தால் சாராயப் போத்தல். அதற்கு விளக்கம் தேவையில்லை.

மங்கிய சாம்பல், அளவுக்கு மீறிய கனம். வெள்ளைத் தாளில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பென்சில் போலக் கோடு விழுந்தால் ஈயம். பெரும்பாலும் வைன் போத்தலின் கழுத்தைச் சுற்றிய உறையின் மேற்பாகம். கோடு விழாமல், உட்பக்கம் அகலமான மரை இருந்தால் கவனியுங்கள். ஒல்லாந்தர் பெட்டிக்குள் அடுக்கிக் கொண்டுவந்த சதுரப் போத்தல்களுக்கு வெள்ளீயக் கலவையில் திருகு மூடி இருந்தது. திருகு மூடி என்றால் புதியது என்ற நினைப்பு இங்கே உடையும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் வெற்றிலை போடாதீர்கள்.

உலோகமே இல்லை

கறுப்பு, வெயில் பட்ட பக்கம் பச்சை கலந்த பழுப்பு, வெளிப்பக்கத்தில் தடித்த மரை. துணியால் சூடேறத் தேய்த்து மணந்து பாருங்கள். கந்தக மணம் வந்தால் கடினமாக்கிய ரப்பர், எபொனைற். 1879-இல் காப்புரிமை பெற்ற ஆங்கிலேய அடைப்பான். பியரும் சோடாவும் அடைத்தார்கள். போத்தலின் உள்ளே திருகுவது, அதனால்தான் மரை வெளியே இருக்கிறது. காபோலிக் மணம் வந்தால் பேக்கலைற், அது 1907-க்கு முன் உலகத்திலேயே இல்லை.

கண்ணாடிக் குண்டு அகப்பட்டால் அதுவும் மூடிதான். 1872-இல் ஹைரம் கொட் கண்டுபிடித்த கோலிச் சோடாவின் குண்டு. உள்ளே நிறக் கோடு இல்லாமல் இளம் பச்சையாக இருக்கும். பொடியன்கள் போத்தலை உடைத்து எடுத்திருப்பார்கள், ஆகவே குண்டு கிடந்த இடத்தில் போத்தலைத் தேடிப் பயனில்லை.

வெள்ளைப் பீங்கான் மூடி, கறுப்பு மையில் பூவேலையும் ஆங்கில எழுத்தும். விக்ரோரியா காலத்துப் பற்பசை, முகப்பூச்சு, மீன் விழுது அடைத்த கிண்ண மூடி. இதில் ஒரு வேடிக்கை: அந்தக் காலத்து ஆங்கிலேயர் பாக்குச் சேர்த்த பற்பசையால் பல் துலக்கினார்கள், மூடியில் அப்படியே எழுதியிருக்கும். நாங்கள் மென்று துப்பியதை அவர்கள் கிண்ணத்தில் வாங்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு மூடி கோட்டைப் பக்கம் வந்தால் சிப்பாயுடையது என்று முடிவு கட்ட வேண்டாம். கோட்டைக்குள் அதிகாரிகளும் குடியிருந்தார்கள். 1905-இல் யாழ்ப்பாணம் வந்த ஆங்கிலேய அரச அதிகாரியும் எழுத்தாளருமான லெனார்ட் வூல்ஃப் கோட்டை மதிலின் மேலிருந்த பங்களாவில்தான் இருந்தார்.

நடுவில் ஓட்டை இருக்கிறது

இந்த அறிகுறியில் எங்கள் ஊர்க் கைவேலை தெரியும்.

தட்டி நெளித்த சோடா மூடி, நடுவில் நெருக்கமாக இரண்டு ஓட்டை. படையினரின் பொத்தான் என்று நினைப்பீர்கள். நூலைக் கோத்து இழுத்து இழுத்துச் சுழற்றும் விளையாட்டுச் சாமான் அது. தண்டவாளத்தில் வைத்து நெளித்தவையும் உண்டு, அவை தாள் மாதிரி மெல்லிசாக இருக்கும்.

மைப் பேணி மூடி அல்லது பால்மா மூடி, நடுவில் ஒரே ஒரு ஆணி ஓட்டை, ஓட்டையின் விளிம்பு தேய்ந்து அகன்றிருக்கிறது. சில்லு. பொடியன்கள் தடியில் பூட்டி உருட்டிய வண்டி. ஒன்று கிடைத்தால் அதே அளவில் இன்னொன்று கிட்டடியில் கிடக்கும்.

ஓட்டையைச் சுற்றிக் கரி, சிலவேளை சைக்கிள் வால்வுக் கட்டை ஒட்டிக்கொண்டு. இதைக் கண்டால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கத் தோன்றும். 1990-க்குப் பிறகு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் சொட்டு எண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்தது. அந்த மூடியை "அடையாளம் தெரியாத தகரம்" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சிறு ஓட்டைகள் நிறைய, ஒரு பக்கம் சொரசொரப்பு என்றால் ஆணியால் குத்திய துருவி.

எழுத்து அரைகுறையாகத் தெரிகிறது

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ரோச்சைத் தரையோடு சாய்த்து ஓரத்திலிருந்து அடியுங்கள். பகலில் தெரியாத புடைப்பு நிழலாகத் தெரியும். சிலர் கல்வெட்டு வாசிப்பதுபோல் திருநீறு தடவச் சொல்வார்கள். கறள் தகரத்தில் அது உள்ளே போய் ஈரத்தைப் பிடிக்கும், ரோச்சே போதும்.

மூன்று கோடு சந்திக்கும் கோழிக்கால் போன்ற குறி பிரித்தானிய அரசின் அம்புக்குறி. அதோடு போர்த் திணைக்களத்தைக் குறிக்கும் டபிள்யூ, டி எழுத்துக்கள் இருந்தால் படைச் சாமான் என்று உறுதியாகச் சொல்லலாம். பக்கத்தில் இரண்டு அல்லது நான்கு இலக்கம் இருந்தால் ஆண்டாக இருக்கும்.

தேவநாகரி எழுத்து என்றால் எல்லோரும் உடனே இந்திய அமைதிப்படை என்பார்கள். அவர்கள் இருந்தது 1987-இலிருந்து 1990 வரை, இருக்கலாம். ஆனால் இந்தியாவிலிருந்து வல்வெட்டித்துறைக்குக் கடல்வழி வந்த சாமான் அதற்கு எவ்வளவோ முந்தியது. உற்பத்தி நாடு "சிலோன்" என்றிருந்தால் 1972-க்கு முன், "சிறிலங்கா" என்றிருந்தால் பின். தேயிலைப் பேணிக்கு இந்த விதி பொருந்தாது, அது இன்றைக்கும் சிலோன்தான்.

கழுவினேன், கெட்டுப்போனது

புளி போட்டுத் தேய்த்திருப்பீர்கள். குத்துவிளக்கு மினுக்குகிற பழக்கம். புளியும் எலுமிச்சையும் களிம்போடு சேர்த்து மெல்லிய பொறிப்பையும் வெள்ளீயப் பூச்சையும் தின்றுவிடும். பழைய பல்துலக்கியும் மழைத்தண்ணீரும் போதும். கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு, அது கறளை வளர்க்கும். கழுவிய பின் நிழலில் காயவிட்டு, ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கடற்கரை மண்ணில் கிடந்த இரும்பு காய்ந்ததும் தட்டுத் தட்டாக உரிவது சாதாரணம். ஆகவே கழுவுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் அடிமட்டத்தோடு படம் எடுத்துவிடுங்கள்.

பழையது என்று உறுதியாகிவிட்டது

1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2-க்கு முந்திய பொருள் தொல்பொருள். மண்ணுக்குள்ளிருந்து வரும் தொல்பொருள் அரசுக்குரியது, அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலச் சாமான் எல்லாம் இந்தக் கோட்டுக்குள் வந்துவிடும். புகையிலைப் பெட்டி மூடி, சதுரப் போத்தல் மூடி என்று சந்தேகம் வந்தால் அசைக்காமல் விட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். பழைய இரும்பு வாங்க வருகிறவர் கிலோக் கணக்கில் விலை சொல்வார், அவரிடம் காட்டவே காட்டாதீர்கள்.

மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கடித உறையில் போட்டு வெளியே நான்கு விஷயம் எழுதுங்கள்: திகதி, வளவில் எந்த மூலை, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது. பேனாவால் எழுதினால் மாரியில் மை ஊறிவிடும், பென்சிலால் எழுதுங்கள்.